உழவர் அங்கியும் நம் தையல் வகுப்புகளும்: ஆசிரியைமார்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பும் மதிப்பும் மிக்க ஆசிரியைமார்களே,

தையற் பயிற்சி நிலையங்களிலும் பெண்கள் பள்ளிகளிலும் மனையியல் கல்லூரிகளிலும் அமர்ந்து, ஊசி பிடிக்கத் தெரியாத விரல்களுக்கு ஊசியைப் பழக்கி, அந்த விரல்களைக் கொண்டே பல குடும்பங்களுக்குச் சோறு கிடைக்கும் வழியைச் சத்தமில்லாமல் அமைத்துக் கொடுத்து வரும் தங்களுக்கு, அந்தத் தொழிலில் கைப்பழக்கம் இல்லாத ஒருவன், உடைகளின் சரித்திரத்தை விருப்பத்தோடு படித்து வருபவன் என்ற ஒரே உரிமையைக் கொண்டு மடல் எழுதத் துணிவது அதிகப் பிரசங்கித்தனமாகத் தோன்றக்கூடும். ஆயினும் சொல்ல வந்த விஷயம் தங்கள் கையில் இருக்கும் விஷயமாகையால், தங்களுக்கே எழுதுவதுதான் முறை என்று எண்ணி எழுதுகிறேன்.

ஸ்மாக்கிங் என்று தாங்கள் கற்பிக்கும் தையலைப் பற்றியது அது. துணியின் மேல் சம இடைவெளியில் புள்ளிகள் வைத்து, அவற்றை ஊசியால் ஒன்றோடொன்று இழுத்துப் பிணைத்துத் தேன்கூட்டு அறைகளை உண்டாக்கி, பெண் குழந்தையின் கவுனில் மார்புப் பகுதிக்கோ சாய்வு மெத்தையின் உறைக்கோ அழகு சேர்க்கும் ஓர் அலங்காரமாக அது நம் வகுப்புகளில் வழங்கி வருகிறது. உள்ளங்கையளவு மாதிரித் துணியொன்றில் செய்து, ரெக்கார்டு நோட்டில் ஒட்டி, மதிப்பெண்ணும் பெற்றுவிட்டால் அந்தப் பாடம் முடிந்தது. ஆனால் அந்தத் தையல் பிறந்த இடம் குழந்தையின் கவுன் அன்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏர் உழுதவன், ஆடு மேய்த்தவன், பார வண்டி ஓட்டியவன், வைக்கோல் வேய்ந்தவன் ஆகியோரின் முதுகும் மார்பும் தோளுந்தான் அது பிறந்த இடம். அலங்காரமாக அல்லாமல், உடலுழைப்பின் நெருக்கடிக்கு விடையாகப் பிறந்த ஒன்றை அந்த நெருக்கடியைச் சொல்லாமலே கற்பித்தால், மாணவியின் கைக்குத் தையல் வரும், அவளுடைய புத்திக்கு அது எட்டாது என்பதே என் அபிப்பிராயம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தென்பகுதிகளிலும் நடுப்பகுதிகளிலும் கிராமத்து உழைப்பாளிகள் தங்கள் உடைகளுக்கு மேல், அவை அழுக்காகாமலும் கிழியாமலும் இருப்பதற்காக, முழங்கால் வரையோ அதற்குக் கீழோ தொங்கும் தளர்ந்த அங்கியொன்றை அணியத் தொடங்கினர். ஸ்மாக் அங்கி எனப்படும் அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தன் உச்ச நிலையை அடைந்து, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய மறைந்தும் போயிற்று. தலைவழியே மாட்டிக்கொள்ளும் வகையில் முன்னும் பின்னும் ஒரே மாதிரியாக அமைந்தது ஒன்று. சட்டையைப் போல் கழுத்தடியில் சிறு திறப்பு உடையது மற்றொன்று. கோட்டைப் போல் மேலிருந்து கீழ் வரை பொத்தான் வைத்தது, வேல்ஸ் எல்லைப் பக்கத்தில் அதிகம் வழங்கிய வேறொன்று. முதல் வகையில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. முன்புறம் அழுக்கேறினால் அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் என்பதோடு, தேய்மானமும் இரு பக்கங்களுக்கும் பங்காகிவிடும்.

இந்த அங்கியின் வெட்டைத் தாங்கள் கூர்ந்து நோக்க வேண்டும் என்பதே என் முதல் வேண்டுகோள். அதில் வளைவு என்பதே கிடையாது. தையற்காரர் கத்தரியின் பெருமையெல்லாம் அடங்கியிருக்கும் கைக்குழி வளைவும், தோள் சரிவும், இடுப்பு ஒடுக்கமும் அதில் இல்லை. உடலுக்கு முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு நீண்ட செவ்வகங்கள், கைகளுக்கு இரண்டு செவ்வகங்கள், தோளின் மேல் இரண்டு பட்டைகள், கழுத்துப்பட்டைக்கும் மணிக்கட்டுப் பட்டைகளுக்கும் சிறு நீள்துண்டுகள், அக்குளில் கையும் உடலும் சேரும் இடத்தில் ஒவ்வொரு சதுரத் துண்டு, இவ்வளவுதான். தறியிலிருந்து இறங்கிய துணியின் அகலத்தையே அளவாகக் கொண்டு, இழை போன போக்கில் நேராக வெட்டிச் சேர்த்ததால் ஒரு விரற்கடைத் துணியும் வீணாவதில்லை. துணி விலையேறியதாகவும் கூலி குறைந்ததாகவும் இருந்த காலத்தில் அது சிறிய விசேஷம் அன்று. அன்றியும், ஒருவன் உடம்பிற்கென்று அளவெடுத்து வெட்டாத அங்கியாகையால், தந்தை அணிந்ததை மகன் அணியலாம்.

ஆனால் நேர்க்கோட்டில் வெட்டிய துணியை வளைவுகளால் ஆன மனித உடம்பின் மேல் எப்படி நிறுத்துவது? அளவோடு இறுக்கமாகத் தைத்தால், அரிவாளை வீசவும் வைக்கோற்கட்டைத் தலைக்கு மேல் தூக்கவும் கை எழாது; கை எழும் அளவுக்கு அகலமாக விட்டாலோ, மார்பிலும் தோளிலும் துணி மூட்டையாகச் சரிந்து வேலைக்கு இடையூறாகும். இந்த இக்கட்டுக்கு அந்நாட்டுக் கிராமத்துப் பெண்கள் கண்ட விடைதான் ஸ்மாக்கிங். உடலுக்கு வேண்டியதைப்போல் ஏறக்குறைய மூன்று பங்கு அகலமான துணியை எடுத்துக்கொண்டு, மார்பின் நடுவிலும் முதுகின் நடுவிலும் கையின் தோட்புறத்திலும் மணிக்கட்டிலும் மட்டும் அதை நெருங்கிய சுருக்கங்களாக்கி, அந்தச் சுருக்கங்களின் முகட்டில் தையலிட்டு நிறுத்தினார்கள்; அந்தத் தையல் முடிந்த இடத்திற்குக் கீழே துணி முழு அகலத்தோடு விரிந்து விழுந்தது. வெட்டாத புடவையைக் கொசுவம் வைத்து உடலுக்கு இசைவாக்கிக்கொள்ளும் நம் பெண்களுக்கு இந்த யுக்தியை விளக்க நெடுநேரம் தேவைப்படாது. கொசுவம் நடக்கும் காலுக்கு இடம் விடுகிறது. இந்த மடிப்போ வீசும் தோளுக்கு இடம் விட்டது.

அந்தப் பெண்கள் வேலை செய்த விதத்தையும் கொஞ்சம் பக்கத்தில் இருந்து பார்ப்போம். முதலில் துணியின் குறுக்கே ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல வரிசைகளில் ஓட்டுத் தையல் ஓடுகிறது. ஒரு வரிசையில் ஊசி எந்த இழைகளுக்கிடையே புகுந்து எழுந்ததோ, அதே இழைகளுக்கிடையேதான் அடுத்த வரிசையிலும் எழ வேண்டும். ஓரிடத்தில் பிசகினால் அங்கே மடிப்பு நெளிந்து, அந்த நெளிவு அங்கியின் ஆயுள் முழுவதும் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும். வரிசைகள் முடிந்ததும் எல்லா நூல்களையும் ஒருசேர இழுத்தால், துணி ஒடுங்கி, மெல்லிய குழல்களை அடுக்கி வைத்தாற்போன்ற நிமிர்ந்த மடிப்புகள் எழும். அதன் பின்பே அலங்காரமென்று நாம் நினைக்கும் தையல் தொடங்குகிறது; ஒவ்வொரு குழலின் முகட்டிலும் சிறிதளவே ஊசி கொண்டு, ஒன்றை அடுத்ததோடு பிணைத்துக்கொண்டே போய், முடிவில் முதலில் ஓட்டிய நூல்களை உருவி எறிந்துவிடுவார்கள். இனி அந்த மடிப்புகளைத் தாங்கி நிற்பது மேலே தெரியும் தையல் ஒன்றே. கயிறு திரித்தாற்போல நெருக்கமாகச் செல்லும் காம்புத் தையல் வரிசை மடிப்பை அசையாமல் பிடிக்கும். கோணல்மாணலாக ஏறி இறங்கும் தையல் வரிசை, இழுத்தால் விரிந்து விட்டால் ஒடுங்கும். ஆகவே கழுத்துப்பட்டை ஓரத்தில் எதை இடுவது, மார்பின் நடுவில் எதை இடுவது என்பது கண்ணுக்கு எது அழகு என்ற கேள்வி மட்டுமன்று. எந்த இடத்தில் துணி பிடித்து நிற்க வேண்டும், எந்த இடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற கேள்வியும் ஆகும். புள்ளி வைத்து இழுக்கும் நம் வகுப்பு முறையில் இந்தக் கேள்வி எழுவதற்கே வழியில்லை என்பதைத் தாங்கள் எனக்கு முன்பே உணர்ந்திருக்கக்கூடும்.

துணி பெரும்பாலும் லினன். ஆளிச் செடியின் நாரிலிருந்து நூற்ற நூலால் நெய்த முரட்டுத் துணி. சில இடங்களில் அதே செடியின் விதையிலிருந்து எடுத்த ஆளிவிதை எண்ணெயையே அங்கியின் மேல் ஏற்றி மழைக்குத் தடுப்பாக்கினர் என்பது கேட்பதற்கே திருப்தியாயிருக்கிறது. ஸஃபோக் பிரதேசத்து ஹேவர்ஹில் என்னும் சிற்றூரில் 1784 முதல் தொழில் நடத்தி வந்த கர்ட்டீன் குடும்பத்தார், டிராபெட் எனப்படும் சாய்வரி நெசவுத் துணியை நெய்து அதில் அங்கிகளையும் தயாரித்தனர். நிறம் ஊருக்கு ஊர் வேறுபட்டது. பழுப்பு வெள்ளையும் மண்நிறமும் பல இடங்களில் வழங்க, நடுப்பகுதியில் நூவர்க் நகரைச் சுற்றி நீலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. வேலைக்கு அணிந்தது ஒன்றாயிருக்க, ஞாயிற்றுக்கிழமைக் கோவிலுக்கும் கல்யாணத்திற்கும் சவம் தூக்கும் ஊர்வலத்திற்கும் வெள்ளை அங்கியொன்றைத் தனியே பத்திரப்படுத்தி வைத்தவர்கள் உண்டு. இன்று கண்காட்சிப் பேழைகளில் நாம் காண்பவை பெரும்பாலும் அப்படிப் பத்திரப்படுத்தப்பட்டவைதாம். உழைத்தவை கந்தலாகிப் போயின. தையல் நூலும் பல அங்கிகளில் துணியின் நிறமேயாகையால், தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு வேலைப்பாடே தெரியாது. பக்கத்தில் வந்தால், நிறத்தால் அன்றி நிழலால் அமைந்த வேலைப்பாடு தெரியும். பளபளக்கும் ஆறு நிற நூற்கண்டுகளோடு வகுப்புக்கு வரும் மாணவிகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். முதலில் நம்ப மாட்டார்கள்.

மடிப்புத் தையலுக்கு இரு மருங்கிலும், துணி தட்டையாக இருக்கும் பட்டைப் பகுதியில் சுருள்களும் இலைகளும் சக்கரங்களும் இதயங்களுமாக இறகுத் தையலாலும் சங்கிலித் தையலாலும் இட்ட கோலங்கள் உண்டு. இவற்றைப் பற்றிப் பரவியிருக்கும் ஒரு கதையைத் தாங்கள் மாணவிகளுக்குச் சொல்லிவிடக் கூடாதே என்ற கவலையும் இம்மடலுக்கு ஒரு காரணம். சக்கரம் இருந்தால் அணிந்தவன் வண்டிக்காரன், வளைகோல் இருந்தால் இடையன், இலை இருந்தால் தோட்டக்காரன் என்று, அங்கியின் கோலம் அணிந்தவன் தொழிலைக் கூறியதாகப் பல தையற் புத்தகங்கள் எழுதிச் செல்கின்றன. கேட்க இனிமையான கதை. ஆனால் அங்கிகள் வழக்கிலிருந்த காலத்து ஆதாரங்களில் அது நிற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருந்தொகையான அங்கிகள் கடைக்கென்றே தயாராயின. ஊசி பிடித்தவளுக்குத் தன் அங்கியை வாங்கப்போகிறவன் இடையனா வண்டிக்காரனா என்பது எப்படித் தெரியும்? அதைக் காட்டிலும் நல்ல சாட்சி தாமஸ் ஹார்டி என்னும் நாவலாசிரியர். டார்ஸெட் பிரதேசத்திலேயே பிறந்து வளர்ந்த அவர், 1874-இல் வெளிவந்த தம் நாவலொன்றில் கூலிச் சந்தையை வர்ணிக்கிறார். வேலை தேடி நிற்கும் ஆட்கள் தங்கள் தொழிலைக் காட்ட, வண்டிக்காரர் தொப்பியைச் சுற்றிச் சாட்டைக் கயிற்றுத் துண்டொன்றை முறுக்கிக்கொள்கிறார்கள். கூரை வேய்வோர் வைக்கோற் பின்னலைச் செருகிக்கொள்கிறார்கள். இடையர் கையில் வளைகோலோடு நிற்கிறார்கள். மார்பில் உள்ள கோலமே தொழிலைச் சொல்லிவிடுமானால், தொப்பியில் கயிறு சுற்ற வேண்டிய அவசியந்தான் என்ன? சக்கரம் ஒரு கோலம். இலையும் ஒரு கோலம். தைத்தவளுக்குப் பிடித்ததும் அவளுக்குக் கைவந்ததுமே அங்கியில் ஏறியது என்று கொள்வதே நியாயமாகத் தோன்றுகிறது.

அந்தத் தைத்தவளைத்தான் அந்தக் கதை மறைத்துவிடுகிறது. மனைவி கணவனுக்கும் தாய் மகனுக்கும் அன்போடு தைத்துக் கொடுத்த அங்கிகள் இல்லாமலில்லை. ஆனால் வியாபாரத்திற்கென்று துணியை வெட்டிக் கட்டாகக் கட்டி வீடு வீடாகக் கொடுத்து, தைத்து முடித்ததை எண்ணி வாங்கிக்கொண்டு, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி தீர்த்த முறையும் பரவலாக இருந்தது. 2021-இல் ஸ்மாக் அங்கியைப் பற்றி விரிவான நூலொன்றை எழுதிய அலிசன் டாப்ளிஸ், வீட்டுத் தையலின் இனிய சித்திரத்திற்குப் பின்னால் இருந்த இந்த வியாபார உலகத்தை நன்றாகவே வெளிக்கொணர்ந்திருக்கிறார். 1851-இல் லண்டனில் பளிங்கு மாளிகை எழுப்பி நடத்திய உலகப் பொருட்காட்சியில், அபிங்டன் நகரத்து நிறுவனமொன்று நுணுக்கமான வேலைப்பாடுள்ள அங்கியொன்றை வைத்தது. உழவனின் அங்கி அரசியார் வந்து பார்க்கும் மண்டபத்திற்குள் இப்படி விற்பனைச் சரக்காகவே நுழைந்தது. உருப்படிக் கூலிக்குத் தைக்கும் பெண்கள் நம் ஊர்களிலும் எத்தனையோ பேர் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தங்கள் மாணவியரிற் பலர் அவர்களுடைய மகள்கள்.

அங்கி மறைந்ததற்குக் காரணம் கேட்டால், எல்லோரும் முதலில் இயந்திரத்தையே சுட்டுவார்கள். அதில் உண்மை உண்டு. கதிரடிக்கும் இயந்திரத்தின் சுழலும் உருளைக்கு அருகே, தளர்ந்து தொங்கும் துணியோடு நிற்பது ஆபத்துத்தான். 1878-இல் பார்லிமெண்டு கதிரடிக்கும் இயந்திரங்களுக்கென்றே ஒரு சட்டம் செய்து, உருளைக்கும் கதிர் ஊட்டும் வாய்க்கும் காப்பு அமைக்க வேண்டுமென்று விதிக்க நேர்ந்தது என்றால், அங்கே எத்தனை விபத்துகள் நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் இயந்திரத்தின் அருகே நில்லாத ஆட்டிடையனும் அங்கியைக் கழற்றினானே, அது ஏன்? அவன் மனத்தில் புகுந்த வெட்கமே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன். 1883-இல் எழுதிய கட்டுரையொன்றில் அதே ஹார்டி, முன்பு வெண்பழுப்பாகத் தெரிந்த கூலிச் சந்தைக் கூட்டம் இப்போது நகரத்துக் கூட்டத்தைப் போலக் கறுத்துப் போயிற்று என்று குறிப்பிடுகிறார். அங்கியும் வளைகோலும் சாட்டைக் கயிறும் போய், கடையில் வாங்கிய கறுப்புக் கோட்டு வந்துவிட்டது. பட்டணத்தான் ஸ்மாக் அங்கியைக் கண்டதும் பட்டிக்காட்டான் என்று சிரித்தான். கேலிச் சித்திரக்காரர்களும் அதையே வரைந்தார்கள். ரயிலேறிப் பட்டணத்தில் பிழைக்கப் போன வாலிபன், அந்தச் சிரிப்புக்குப் பயந்து, தன் தகப்பன் கௌரவமாக அணிந்ததைப் பெட்டியின் அடியில் போட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலை செய்பவன் என்று பார்த்தவுடன் அடையாளம் காட்டும் உடையை, வேலை செய்பவனை மதிக்காத சமூகத்தில் யார்தான் விரும்பி அணிவார்கள்?

விசித்திரம் என்னவென்றால், உழவன் கழற்றிய அதே காலத்தில் சீமாட்டிகள் அதை எடுத்து அணிந்துகொண்டார்கள். கேட் கிரீனவே என்ற ஓவியர் 1879-இல் வெளியிட்ட குழந்தைகள் நூலும் அதைத் தொடர்ந்தவைகளும், பழங்காலப் பாணியில் உடுத்திய குழந்தைகளைக் கண்ட கண்ணெல்லாம் விரும்பும்படி செய்தன. லண்டனில் லிபர்ட்டி அங்காடி 1884-இல் உடைப் பிரிவைத் தொடங்கி, ஸ்மாக்கிங் வேலைப்பாடுள்ள கவுன்களை நாகரிகமாக்கிற்று. தோட்டக் கலையில் பெரும்புகழ் பெற்றவரும், தாமே நல்ல பூத்தையல்காரருமான கெர்ட்ரூட் ஜீக்கில் ஒருவர்தாம், 1904-இல் மேற்கு ஸர்ரே கிராம வாழ்க்கையைப் பற்றி எழுதிய நூலில், வெளிவேலைக்கு இதைவிடத் தக்க மேலாடை இல்லையென்று அங்கியை அதன் உபயோகத்திற்காகவே போற்றி, அது மறைவதற்கு வருந்தினார். மற்றவர்களோ அழகை எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டார்கள். அப்படிக் காரணம் உதிர்ந்துபோன நிலையில்தான் அந்தத் தையல் குழந்தைக் கவுனாகவும், பின்னர் நம் வகுப்புகளின் மாதிரித் துணியாகவும் வந்து சேர்ந்தது.

இப்போது என் வேண்டுகோளைச் சொல்லிவிடுகிறேன். தேன்கூட்டு மாதிரியை நிறுத்த வேண்டாம். அதற்கு முன் ஒரே ஒரு முறை, மாணவிகள் சேர்ந்து, ஐந்தாறு வயதுச் சிறுவனுக்கு அளவான ஓர் அங்கியைக் காடாத் துணியில் தைக்கட்டும். கத்தரியால் வளைவு எதுவும் போட வேண்டாம்; துணியை இழை பார்த்து நேராகவே கிழித்துக்கொள்ளலாம். முதலில் மடிப்புத் தையல் இல்லாமல், வெறும் சுருக்கு நூலை இழுத்து முடிந்து தற்காலிகமாகச் சேர்த்து, ஒரு பையனுக்கு மாட்டி, இரு கைகளையும் மேலே தூக்கச் சொல்லட்டும். நூல் எங்கே அறுகிறது, துணி எங்கே சரிகிறது என்று அவர்களே காண்பார்கள். பிறகு அதைப் பிரித்து, மார்பிலும் தோளிலும் வரிசையாக மடிப்பெடுத்து, மேல் வரிசைகளில் பிடிக்கும் தையலையும் கீழ் வரிசைகளில் நெகிழும் தையலையும் இட்டு, துணியின் நிறத்து நூலாலேயே முடித்து, அதே பையனுக்கு மீண்டும் மாட்டட்டும். பழைய அங்கிகள் எப்படியிருந்தன என்று காட்ட வேண்டுமானால், ரெடிங் நகரில் 1951-இல் நிறுவப்பட்ட இங்கிலாந்துக் கிராம வாழ்க்கை அருங்காட்சியகத்தில் இவற்றின் பெரிய தொகுப்பு இருக்கிறது. அவற்றின் நிழற்படங்களும் எளிதாகக் கிடைக்கின்றன.

அவ்வளவு பெரிய உருப்படி ரெக்கார்டு நோட்டில் ஒட்டுவதற்கு அடங்காது என்பதும், ஒருவர் தைத்ததா பலர் தைத்ததா என்று தேர்வாளர் கேட்பார் என்பதும் எனக்குத் தெரியாமலில்லை. மதிப்பெண்ணை எப்படிப் பங்கிடுவது என்ற சிக்கலைத் தங்கள் அனுபவத்திற்கே விட்டுவிடுகிறேன்; தோளில் தையல் விடாமல் அந்தப் பையன் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடந்தானானால், பாதி மதிப்பெண்ணை அதற்கே கொடுத்துவிடலாம் என்பது என் சிபாரிசு.

இங்ஙனம்,
தங்கள் தொழிலின்பால் மிக்க மதிப்புடைய ஒரு வாசகன்